படைக்குச் சோறு – அத்தியாயம் 6: துறைமுகத்தில் குவியல், மேட்டில் பட்டினி

சென்ற அத்தியாயத்தில் வெலிங்டனின் படையோடு போர்ச்சுகல் எல்லையிலிருந்து பிரனீஸ் மலை வரை நடந்தோம். அதற்கு முன்பு, 1799-ல் ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்தபோது திப்புவின் படைச்சுமை இழுத்த அம்ரித் மகால் காளைகள் பிரிட்டிஷார் கைக்கு வந்தன. அந்தக் காளைகளை வைத்துத் தக்காணத்தில் போர் நடத்திப் பழகியவர் வெலிங்டன். ஸ்பெயினில் அவை இல்லாத குறையை உள்ளூர்க் கோவேறு கழுதைக்காரர்களைக் கொண்டு சமாளித்தார். மூட்டை எங்கே நிற்கிறது, கழுதைக்காரனுக்குக் கூலி போய்ச் சேர்ந்ததா என்றெல்லாம் தளபதியே விசாரித்ததால் வண்டி ஓடியது.

1815-ல் வாட்டர்லூவோடு சண்டை ஓய்ந்தது. அடுத்த நாற்பது ஆண்டுகள் ஐரோப்பாவில் பிரிட்டனுக்குப் பெரிய போர் இல்லை. அமைதிக் காலத்தில் செலவைக் குறைக்க வேண்டுமென்றால் அரசாங்கத்தின் கண் முதலில் எதன்மேல் விழும்? அணிவகுப்பில் மின்னும் குதிரைப்படைமேல் விழாது, பீரங்கிமேலும் விழாது. வண்டிமேல்தான் விழும். ஆங்கிலப் படைக்கென்று 1799-ல் உருவான வண்டிப்படை, ராயல் வேகன் ட்ரெயின், வாட்டர்லூ வரை உழைத்த படை. அதை 1833-ல் கலைத்தார்கள். தேவைப்படும்போது உள்ளூரில் வண்டி பிடித்துக்கொள்ளலாம் என்பது ஏற்பாடு.

அந்த ஏற்பாடு 1854 குளிர்காலத்தில், ரஷ்யாவுக்கு எதிரான போரில், கிரைமியாவில் சோதனைக்கு வந்தது.

பணப்பை யார் கையில்?

கிரைமியாவுக்குப் போவதற்கு முன் ஒரு கேள்வியைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். பிரிட்டிஷ் வீரனுக்கு ரொட்டி வாங்கித் தருவது யார் பொறுப்பு?

படைத்தளபதி பொறுப்பு என்றுதான் யாரும் நினைப்பார்கள். அப்படி இல்லை. கமிசரியட் என்ற துறை அந்த வேலையைச் செய்தது. அதன் அதிகாரிகள் சீருடை போட்டிருந்தார்கள், பாசறையில் வாழ்ந்தார்கள். ஆனால் அவர்கள் படையதிகாரிகள் அல்லர். லண்டனில் இருந்த கருவூலத் துறையின் ஊழியர்கள். வேலையில் தளபதி சொல் கேட்க வேண்டும். காசுக்குக் கருவூலத்துக்குக் கணக்குச் சொல்ல வேண்டும்.

இதை முட்டாள்தனம் என்று தள்ளிவிட முடியாது. பதினேழாம் நூற்றாண்டில் கிராம்வெல்லின் படை நாடாளுமன்றத்தையே கலைத்து நாட்டை ஆண்டது. அந்தச் சூடு ஆங்கிலேயருக்கு ஆறவேயில்லை. நிலையான படையை வைத்திருக்க ஆண்டுதோறும் நாடாளுமன்றத்தின் ஒப்புதல் வேண்டும் என்று சட்டம் செய்தார்கள். படையின் சாப்பாட்டுப் பணம் சிவில் அதிகாரி கையில் இருந்தால், தளபதி தன் இஷ்டத்துக்குப் படை நடத்த முடியாது என்பது இந்த ஏற்பாட்டின் உள்நோக்கம். குடிமக்களின் உரிமையைக் காக்க வந்த பூட்டு அது. அதன் சாவி 2,000 மைலுக்கு அப்பால் லண்டனில் இருந்ததுதான் சிக்கல்.

சாவியை வைத்திருந்தவர் சர் சார்லஸ் டிரெவெல்யன், கருவூலத்தின் துணைச் செயலர். அயர்லாந்துப் பஞ்சத்தில் நிவாரண வேலையை நடத்தியவர். அரசு வேலைக்குத் தேர்வு வைத்து ஆள் எடுக்க வேண்டும் என்ற புகழ்பெற்ற அறிக்கையை 1854-ல் எழுதிய இருவரில் ஒருவர். நேர்மையானவர், கடும் உழைப்பாளி, ஒவ்வொரு பென்னிக்கும் காரணம் கேட்பவர். சென்னைவாசிகளுக்கும் இவர் அந்நியர் அல்லர். 1859-ல் மதராஸ் ஆளுநராக வந்து பீப்பிள்ஸ் பார்க்கை உண்டாக்கியவர் இவர்தான். இன்று ரிப்பன் மாளிகை நிற்பது அந்தப் பூங்காவின் நிலத்தில். கல்கத்தாவிலிருந்த இந்திய அரசு கொண்டுவந்த வருமான வரித் திட்டத்தைப் பகிரங்கமாக எதிர்த்ததால் அடுத்த ஆண்டே திருப்பி அழைக்கப்பட்டார். அது பின்கதை.

கிரைமியாவில் அவருடைய கையாக இருந்தவர் கமிசரி ஜெனரல் வில்லியம் ஃபில்டர். வயது 64. வெலிங்டனின் ஸ்பெயின் போரில் பணியாற்றியவர். ஓய்விலிருந்து மறுபடி அழைத்துவந்தார்கள். தளபதி ராக்லன் பிரபு வெலிங்டனின் செயலராக இருந்தவர், வாட்டர்லூவில் வலது கையை இழந்தவர். அனுபவத்துக்குக் குறைவில்லை. இருவரின் அனுபவமும் ஒரு விஷயத்தை மட்டும் சொல்லித்தரவில்லை: கூலிக்கு வண்டியே கிடைக்காத நாட்டில் என்ன செய்வது?

வண்டியில்லாமல் இறங்கிய படை

1854 செப்டம்பர் 14. கிரைமியாவின் கலமிட்டா விரிகுடாவில் பிரிட்டிஷார் சுமார் 26,000 பேர் கரையிறங்கினார்கள். பிரெஞ்சுக்காரர்களும் துருக்கியரும் கூடவே இறங்கினார்கள். கப்பலில் இடம் போதவில்லை என்று பல்கேரியக் கரையில், வர்ணாவில், திரட்டி வைத்திருந்த பொதிக்குதிரைகளில் பெரும்பகுதியை அங்கேயே விட்டுவிட்டு வந்திருந்தார்கள். வீரர்களின் முதுகுப் பைகளும் கப்பலிலேயே தங்கிவிட்டன. ஆளுக்கொரு கம்பளி, மேலங்கி, மாற்றுக் காலணி, மூன்று நாள் சாப்பாடு. அவ்வளவுதான் கரைக்கு வந்தது. முதல் இரவு மழை கொட்டியது. கூடாரம் கிடையாது, ஜெனரல்கள் உட்பட நனைந்தபடி கிடந்தார்கள். பிரெஞ்சுக்காரர்கள் சின்னஞ்சிறு கூடாரங்களைத் தோளில் சுமந்து வந்திருந்தார்கள்.

அக்கம்பக்கத்துக் கிராமங்களில் தாத்தார்களின் மாட்டு வண்டிகள் சில நூறைப் பிடித்துக்கொண்டு படை தெற்கே நகர்ந்தது. 20-ஆம் தேதி அல்மா ஆற்றங்கரையில் வெற்றி. 26-ஆம் தேதி பலக்லாவா துறைமுகம் கைக்கு வந்தது. ரஷ்யரின் செவஸ்தபோல் கோட்டையைச் சில வாரங்களில் பிடித்துவிடலாம், குளிர்காலத்துக்கு முன்பே வீடு திரும்பலாம் என்று எல்லோரும் நம்பினார்கள். எனவே குளிர்காலத்துக்கு யாரும் வண்டி கேட்கவில்லை, பாதை போடவில்லை.

பலக்லாவா மிகச் சிறிய துறைமுகம். இருபுறமும் செங்குத்தான பாறை; நடுவே அரை மைல் நீளத்துக்கு ஒரு குறுகலான நீர்ப்பரப்பு. அங்கிருந்து செவஸ்தபோலுக்கு எதிரே மேட்டு நிலத்தில் இருந்த பாசறைகள் சுமார் ஏழு மைல் தூரம். ஏழு மைல் என்றால் ஒரு மனிதன் இரண்டரை மணி நேரத்தில் நடக்கும் தூரம். இந்த அத்தியாயம் முழுக்க அந்த ஏழு மைலைப் பற்றியதுதான்.

தொடக்கத்தில் இரண்டு பாதைகள் இருந்தன. ஒன்று, வொரோன்ட்சோவ் சாலை. கல் பாவிய நல்ல சாலை. மற்றொன்று காதிக்கோய் கிராமம் வழியாக மேட்டுக்கு ஏறும் மண் தடம். அக்டோபர் 25-ல் நடந்த பலக்லாவாச் சண்டை எல்லோருக்கும் இலகு குதிரைப்படையின் பாய்ச்சலுக்காகத்தான் நினைவிருக்கிறது. படைக்கு நேர்ந்த பெரிய நஷ்டம் வேறு. கல்சாலை போகும் குன்றுகள் அன்று ரஷ்யர் வசம் போயின. மிஞ்சியது மண் தடம். நவம்பர் மழையில் அது முழங்கால் சேறாயிற்று. பதுங்குகுழிகளில் இரவும் பகலும் காவல் நின்ற படையில் பாதை செப்பனிட ஆள் இல்லை. அமர்த்திய துருக்கிக் கூலிகள் பசியிலும் நோயிலும் வேகமாக மடிந்தார்கள்.

நவம்பர் 14 அதிகாலையில் புயல் அடித்தது. துறைமுகத்துக்குள் இடம் கிடைக்காமல் வெளியே நங்கூரம் போட்டிருந்த கப்பல்கள் பாறைகளில் மோதி நொறுங்கின. 'பிரின்ஸ்' என்ற புத்தம் புதிய நீராவிக் கப்பல் படைக்கான குளிர்கால உடைகளோடு மூழ்கியது. 'ரெசல்யூட்' வெடிமருந்தோடு போனது. குதிரைகளுக்கு வந்த வைக்கோலும் கடலில் போயிற்று.

வைக்கோல் போனதுதான் உடையைவிடப் பெரிய அடி என்று அன்று எத்தனை பேருக்குத் தெரிந்திருக்கும்?

வைக்கோல் கணக்கு

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். வீரன் ஒருவனுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு பிஸ்கட், ஒரு பவுண்டு உப்பிட்ட இறைச்சி. 30,000 பேருக்கு 60,000 பவுண்டு. ஒரு பொதிக்குதிரை 200 பவுண்டு சுமக்கும் என்று வைத்தால், வேறெதுவும் இல்லாமல் பிஸ்கட்டும் இறைச்சியும் மேடேற மட்டும் தினமும் 300 பொதி. அந்தச் சேற்றில் போய் வர ஒரு நாள் முழுக்க ஆகும். விறகு, கூடாரம், பலகை, குண்டு, மருந்து எல்லாம் தனி.

இப்போது குதிரைக்கு வருவோம். அதற்கு வைக்கோலும் பார்லியுமாக நாளொன்றுக்குச் சுமார் 20 பவுண்டு வேண்டும். அதாவது ஒரு குதிரையின் தீனி பத்து வீரர்களின் தீனி எடைக்குச் சமம். மேட்டில் ஆயிரம் குதிரைகள் நின்றால், பத்தாயிரம் ஆட்களுக்கு ஈடான சுமையை அவற்றுக்காக மட்டும் ஏற்ற வேண்டும். தீனி வராவிட்டால் குதிரை சாகும். குதிரை செத்தால் மறுநாள் தீனியும் வராது. இந்தச் சுழலுக்குள் ஒரு படை விழுந்துவிட்டால் மீள்வது கடினம். (அறுபது ஆண்டு கழித்து முதல் உலகப் போரில் பிரான்சுக்குக் கப்பலேறிய சரக்கிலும் வெடிமருந்தைவிடக் குதிரைத் தீனிதான் எடை கூடுதல், சுமார் 54 லட்சம் டன். அந்தக் கதை பின்னால் வரும்.)

ஃபில்டருக்கு இந்தக் கணக்குத் தெரியும். படை கரையிறங்குவதற்கு முந்தின நாளே, செப்டம்பர் 13 அன்று, இங்கிலாந்திலிருந்து 2,000 டன் வைக்கோல் அனுப்பச் சொல்லிக் கருவூலத்துக்கு எழுதினார். கடிதம் போய்ச் சேர வாரங்கள் ஆயின. அங்கே அது கோப்பாயிற்று. கப்பல் பிடிக்க வேண்டும், வைக்கோலை அழுத்திக் கட்ட வேண்டும், விலை பேச வேண்டும். அதில் சிறு பகுதிதான் காலத்தில் வந்து சேர்ந்தது. ஃபில்டர் விதிப்படி ஒருமுறை எழுதினார், நினைவூட்டினார், பதிலுக்குக் காத்திருந்தார். கருவூலம் விதிப்படி ஆராய்ந்தது.

மேட்டில் நின்ற குதிரைகள் பசியில் ஒன்றன் வாலை ஒன்று கடித்துத் தின்றன. பிடரி மயிரும் போயிற்று. ரஷ்யப் பீரங்கிகளை நோக்கிப் பாய்ந்து பிழைத்த இலகு குதிரைப்படையின் குதிரைகளைப் பிஸ்கட் மூட்டை சுமக்க இறக்கினார்கள். பீரங்கி செய்யாததைச் சேறு செய்தது. டிசம்பர் முடிவதற்குள் குதிரைப்படை பெயருக்குத்தான் இருந்தது. பிறகு வீரர்களே மூட்டை தூக்கினார்கள். இரவு முழுக்கப் பதுங்குகுழியில் நின்றவன், காலையில் ஏழு மைல் இறங்கி, மூட்டையோடு ஏழு மைல் ஏற வேண்டும்.

பச்சைக் காப்பி

அப்படி மேடேறி வந்ததில் ஒன்று காப்பி. ஒரு நாளைக்கு ஓர் அவுன்ஸ். வறுக்காத பச்சைக் கொட்டையாக வந்தது. வறுத்த தூள் ஈரத்தில் கெட்டுவிடும், பச்சைக் கொட்டை நாள்பட நிற்கும் என்பது கமிசரியட்டின் வாதம். கிடங்கில் உட்கார்ந்து யோசித்தால் சரியான வாதம்தான்.

மேட்டில் இருப்பவனிடம் வாணலி கிடையாது, அரைக்கும் கல் கிடையாது, விறகு கிடையாது. பனிக்கு அடியில் தோண்டிப் புதர் வேர்களைப் பிடுங்கி வருவான். அந்த ஈர வேரை ஊதி ஊதிப் பற்றவைத்து, தன் தகரப் பாத்திரத்தின் மூடியில் கொட்டையைப் போட்டு வறுப்பான். பாதி கருகும், பாதி பச்சையாகவே இருக்கும். அதைத் துணியில் சுற்றி, வெடித்துச் சிதறிய குண்டின் துண்டொன்றை எடுத்துக் கல்மேல் வைத்து இடிப்பான். அந்தத் துருவலைச் சுடுநீரில் போட்டுக் குடிப்பான். வேர் தீர்ந்துபோன நாளில் கொட்டையைத் தூர எறிந்துவிடுவான். உப்பிட்ட பன்றி இறைச்சியைப் பச்சையாகவே தின்றார்கள், சமைக்க விறகில்லை.

உப்பிறைச்சியும் பிஸ்கட்டும் மட்டுமே தின்றவர்களுக்கு ஸ்கர்வி வந்தது. ஈறு வீங்கிப் பல் ஆடியது, காயம் ஆறவில்லை. அதற்கு மருந்து எலுமிச்சைச் சாறு என்பதைப் பிரிட்டிஷ் கடற்படை அறுபது ஆண்டுகளாக அறிந்திருந்தது. டிசம்பரில் சுமார் 20,000 பவுண்டு எலுமிச்சைச் சாறு பலக்லாவாவுக்கு வந்தும் சேர்ந்தது. பிப்ரவரி வரை அது வீரனின் வாய்க்குப் போகவில்லை. தினசரிப் படியில் எலுமிச்சைச் சாறு என்ற வரி இல்லை. படியில் இல்லாததைக் கமிசரியட் தானாக வழங்க முடியாது. யாராவது ஆணை போட வேண்டும். ஆணை போட வேண்டியவர்களுக்கு இருப்பு இருப்பதே தெரியவில்லை.

அரிசியின் கதை இதைவிட வேதனை. ஆளுக்கு இரண்டு அவுன்ஸ் அரிசி படியில் இருந்தது. வயிற்றுப்போக்குக்கு அது நல்ல ஆகாரம். படை பேதியில் கிடந்த அந்த நவம்பர் நடுவில் அரிசியை நிறுத்திவிட்டார்கள். கிடங்கில் அரிசி இருந்தது. நிறுத்தியதற்கு இன்றுவரை சரியான காரணம் சொன்னவரில்லை.

ஜனவரி 1855-ல் துப்பாக்கி தூக்கக்கூடிய நிலையில் இருந்தவர்கள் சுமார் 11,000 பேர்தான். நோயாளிகள் அதைப்போல் இரண்டு மடங்கு. அவர்களைத் துறைமுகத்துக்கு இறக்கவும் வண்டி இல்லை. கோவேறு கழுதைகளின் இருபுறமும் நாற்காலி கட்டிய பிரெஞ்சுப் படையின் ஏற்பாட்டைக் கடன் வாங்கி ஆங்கில நோயாளிகளை இறக்கினார்கள். பிரெஞ்சுக்காரர்களுக்குப் போக்குவரத்துக்கென்றே சீருடை அணிந்த தனிப்படை இருந்தது. கமியெஷ் விரிகுடாவில் தங்கள் துறைமுகத்திலிருந்து பாசறைக்குச் சாலையும் போட்டிருந்தார்கள். ஒரே குளிர், ஒரே சேறு. வேறுபாடு வண்டியில்தான் இருந்தது.

இரண்டு தண்டவாளம்

இதெல்லாம் முன்பென்றால் போர் முடிந்த பிறகு யாராவது நினைவுக் குறிப்பில் எழுதியிருப்பார்கள். இந்த முறை 'தி டைம்ஸ்' பத்திரிகையின் வில்லியம் ஹோவர்ட் ரஸ்ஸல் களத்திலிருந்தே எழுதினார். காலைச் சிற்றுண்டியோடு லண்டன் அதைப் படித்தது. டிசம்பர் 22-ல் கமிசரியட்டைக் கருவூலத்திலிருந்து பிடுங்கிப் போர்த்துறையிடம் கொடுத்தார்கள். 1855 ஜனவரி 29-ல் விசாரணைக் குழு வேண்டும் என்று நாடாளுமன்ற உறுப்பினர் ரோபக் கொண்டுவந்த தீர்மானம் 305-க்கு 148 என்று நிறைவேறியது. பிரதமர் அபர்டீன் பிரபுவின் அரசு கவிழ்ந்தது. படைக்கு மூட்டை போய்ச் சேராததால் ஓர் அமைச்சரவையே போயிற்று.

நிவாரணம் மூன்று திசையிலிருந்து வந்தது. மூன்றுமே பழைய அமைப்புக்கு வெளியே பிறந்தவை.

முதலாவது ரயில் பாதை. சாமுவேல் மார்ட்டன் பீட்டோ என்ற ரயில் ஒப்பந்தக்காரர் தன் கூட்டாளிகளோடு, லாபம் வேண்டாம், அடக்க விலைக்கே பலக்லாவாவிலிருந்து மேட்டுக்குத் தண்டவாளம் போட்டுத் தருகிறோம் என்றார். அரசு ஒப்பந்தக்காரர் நாடாளுமன்ற உறுப்பினராக இருக்கக் கூடாது என்ற விதிக்காகத் தன் பதவியையும் விட்டார். மண்வெட்டிக் கூலிகள் சுமார் 500 பேர் தண்டவாளம், கட்டை, மரக்குடிசை, கருவிகளோடு கப்பலேறினார்கள். எஞ்சினியர் ஜேம்ஸ் பீட்டி. பிப்ரவரி 8 வாக்கில் வேலை தொடங்கியது; மார்ச் முடிவதற்குள் தண்டவாளம் மேட்டைத் தொட்டது. செங்குத்தான ஏற்றத்தில் நிலையான நீராவி எஞ்சின் கம்பி வடத்தால் பெட்டிகளை இழுத்தது. மற்ற இடங்களில் குதிரை இழுத்தது. ஏப்ரல் 9-ல் தொடங்கிய பெரிய குண்டுவீச்சுக்கான குண்டுகள் இதில்தான் ஏறின. திரும்பும் பெட்டிகளில் நோயாளிகள் இறங்கினார்கள். போருக்கென்றே போட்ட முதல் ரயில் பாதை இது. ஏழு மைல் ஏழு வாரத்தில் தீர்ந்தது. தீர்த்தவர்கள் சிப்பாய்கள் அல்லர், கமிசரியட்டும் அல்ல.

இரண்டாவது நிலப் போக்குவரத்துப் படை. 1855 ஜனவரி 24 அரச ஆணையில் பிறந்தது. தலைவர் கர்னல் வில்லியம் மெக்மர்டோ. சிந்துப் போரில் சார்லஸ் நேப்பியரிடம் பழகியவர். ஸ்பெயினிலிருந்து கோவேறு கழுதைகள், பல நாட்டிலிருந்து கழுதைக்காரர்கள், இங்கிலாந்திலிருந்து வண்டிகள் என்று அள்ளிச் சேர்த்தார். இந்தப் படையின் வண்டிக்காரன் படைவீரன். படைச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவன். கூலி பேசிப் பாதி வழியில் திரும்பிப் போக முடியாதவன். 1833-ல் கலைத்ததை 22 ஆண்டு கழித்து அவசரமாக, பல மடங்கு செலவில் மறுபடி கட்டினார்கள்.

மூன்றாவது ஒரு சமையற்காரர். லண்டன் ரிஃபார்ம் கிளப்பில் புகழ்பெற்ற அலெக்சிஸ் சோயர் தன் செலவில் புறப்பட்டு வந்தார். அவர் வடிவமைத்த அடுப்பு ஒரு பெரிய தகர உருளை. உள்ளே தீ, மேலே கொப்பரை. கொஞ்சம் விறகு, எந்த விறகானாலும் போதும்; காற்றிலும் மழையிலும் அணையாது; ஒரு பாத்திரத்தில் ஐம்பது பேருக்குச் சமைக்கலாம். ஆளாளுக்குத் தகர மூடியில் வறுத்த காலம் அதோடு முடியத் தொடங்கியது. சோயர் அடுப்பு இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதி வரை பிரிட்டிஷ் படையில் புழங்கியது.

இரண்டாவது குளிர்காலத்தில் நிலைமை தலைகீழ். ஆங்கிலப் பாசறையில் மரக்குடிசை, கம்பளி, காய்கறி, சூடான சாப்பாடு. முதல் ஆண்டு ஆங்கிலேயருக்கு உதவிய பிரெஞ்சுப் படைதான் இந்த முறை டைஃபஸ் காய்ச்சலில் சரிந்தது.

யார் குற்றம்?

விசாரிக்க இருவரை அனுப்பினார்கள். ஒருவர் சர் ஜான் மெக்னீல். மருத்துவராகத் தொடங்கிப் பாரசீகத்தில் தூதராக இருந்தவர். மற்றவர் கர்னல் அலெக்சாண்டர் டுல்லோக். படைவீரர்களின் நோயும் சாவும் பற்றிப் புள்ளிவிவரம் தொகுப்பதில் பேர்போனவர். அவர்கள் கிடங்குப் பேரேட்டையும் மருத்துவப் பதிவேட்டையும் அருகருகே வைத்துப் படித்தார்கள். இந்தத் தேதியில் இன்ன சரக்கு துறைமுகத்தில் இருந்தது. இதே தேதியில் மேட்டில் இத்தனை பேர் அது இல்லாமல் செத்தார்கள். எலுமிச்சைச் சாறும் அரிசியும் அப்படித்தான் வெளிவந்தன. 1854 அக்டோபர் முதல் ஏழு மாதங்களில் நோயால் மட்டும் பத்தாயிரத்துக்கு மேற்பட்டவர்கள் இறந்திருந்தார்கள்; படையின் சராசரி எண்ணிக்கையில் நூற்றுக்கு 35 பேர்.

அறிக்கை சில அதிகாரிகளின் பெயரைச் சொன்னது. அவர்கள் கொதித்தார்கள். செல்சியில் ஜெனரல்கள் குழு ஒன்று 1856-ல் உட்கார்ந்து எல்லோரையும் விடுவித்து, தீனி அனுப்பாத கருவூலத்தின்மேல் பழியைப் போட்டது. கருவூலமோ, கேட்டதை அனுப்பினோம், கொண்டு போகாதது களத்தில் இருந்தவர்கள் குற்றம் என்றது. மக்கள் செல்சிக் குழுவை வெள்ளையடிக்கும் குழு என்று கேலி செய்தார்கள்.

இரண்டு தரப்பும் பொய் சொல்லவில்லை; அதுதான் இந்த வழக்கின் விசித்திரம். கப்பலுக்கு ஒரு துறை பொறுப்பு, கிடங்குக்கு ஒரு துறை, சண்டைக்குத் தளபதி. ஒவ்வொருவர் கையிலும் இண்டென்ட் என்ற கோரிக்கைச் சீட்டு இருந்தது, ரசீது இருந்தது, கையெழுத்து இருந்தது. துறைமுகத்துக்கும் மேட்டுக்கும் நடுவே இருந்த ஏழு மைலுக்கு மட்டும் யார் பேரிலும் கையெழுத்து இல்லை. ஃபில்டரைவிடத் திறமையான ஒருவர் அங்கே இருந்திருந்தால் உயிர்கள் கொஞ்சம் குறைவாகப் போயிருக்கும். டிரெவெல்யன் வைக்கோல் கடிதத்துக்கு உடனே கப்பல் பிடித்திருந்தால் இன்னும் குறைந்திருக்கும். ஆனால் பணத்தைக் காப்பவனே பண்டத்தையும் காப்பான், வண்டியைச் சந்தையில் பிடித்துக்கொள்ளலாம் என்ற அமைப்பு இருக்கும்வரை இன்னொரு குளிர்காலம் இன்னொரு ஃபில்டருக்காகக் காத்துக்கொண்டுதான் இருந்திருக்கும்.

பாடம் கற்றார்களா? பாதிதான். போர் முடிந்ததும் மெக்மர்டோவின் படை 'மிலிட்டரி ட்ரெயின்' என்று பேர் மாறி நிலைத்தது. வண்டியும் வண்டிக்காரனும் இனிமேல் படையின் சொத்து. ஆனால் வண்டியில் ஏற்றும் சரக்கு இன்னமும் கமிசரியட்டின் கையில். சரக்கும் வண்டியும், அதிகாரியும் சிப்பாயும் ஒரே படையாக ஒரே தலைமையின் கீழ் வர 1888 டிசம்பர் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதற்குள் பேர் மாற்றினார்கள், பிரித்தார்கள், ஒட்டினார்கள். பணத்தைப் படையின் கையில் கொடுப்பதா என்ற பழைய பயம் அவ்வளவு எளிதில் விடவில்லை.

அதற்கு நடுவே 1857-ல் வட இந்தியா பற்றியெரிந்தது. வண்டி ஓட்டப் பயிற்சி பெற்ற மிலிட்டரி ட்ரெயின் கப்பலில் வந்து இறங்கியது. இறங்கிய இடத்தில் அவர்களிடம் வண்டி கொடுக்கவில்லை. குதிரையும் வாளும் கொடுத்து லக்னோவுக்குச் சண்டைக்கு அனுப்பினார்கள். சோறு சுமக்க வந்தவர்கள் விக்டோரியா சிலுவை வாங்கிய அந்தக் கதை அடுத்த அத்தியாயத்தில்.

(தொடரும்)